ரெண்டு பெக், ஒரு தூக்க மாத்திரை, அப்பச்சியின் இரட்டைக்குழல்

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இரும்புப் பெட்டியைத் திறந்தால் பத்திரங்கள், பர்மாக் கணக்கு நோட்டு, யாரோ எப்போதோ வாங்கிய நகை ரசீது இவற்றோடு ஒரு துப்பாக்கி உரிமப் புத்தகமும் கிடக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஐயா (தாத்தா) காலத்தில் வாங்கிய பன்னிரண்டு போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி. ஐயாவிடமிருந்து அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, வந்தது, 2020இல் அப்பச்சி தவறிய பிறகு என் பெயருக்கு மாற்றினேன். காரைக்குடியைச் சுற்றிய ஊர்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, தேக்குத் தூணையே அறுத்துக்கொண்டு போகிற காலம், ஒரு துப்பாக்கி இருந்தால் பயம் இருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு எனக்கு ஆன செலவு ஒரு லட்சத்து மூவாயிரம் ரூபாய். வழக்கு இன்னும் முடியவில்லை.

2025 தை மாதம் அண்ணனுக்கு சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று எல்லாரும் வந்து இறங்கியதில் வீட்டில் ஐம்பது பேருக்குக் குறையாது. விசேஷம் முடிந்த மறுநாள் ராத்திரி, பெண்கள் எல்லாம் முகப்புப் பக்கம் படுத்துவிட்டார்கள், நாங்கள் ஏழெட்டுப் பேர் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் உட்கார்ந்தோம். மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பாட்டில். பேச்சுவாக்கில் யாரோ ஐயாவின் வேட்டைக் கதையை எடுக்க, சின்னப் பையன்கள் துப்பாக்கியைப் பார்க்கணும் என்று கேட்க, நான் பெருமையாகப் போய் எடுத்து வந்தேன். குண்டு போடவில்லை, வெறும் துப்பாக்கிதான். ஆளுக்கு ஆள் கையில் வாங்கி செல்பி எடுத்தார்கள். உரிமம் உள்ளவரோடு இருக்கும்போது இன்னொருவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வர ஆயுதச் சட்டம் 3ஆம் பிரிவில் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆனால் அது உரிமதாரரின் உபயோகத்துக்கு, ரிப்பேருக்கு, புதுப்பிக்கக் கொண்டுபோவதற்கு. போட்டோ எடுக்க இல்லை. அந்த செல்பியில் ஒன்று வாட்ஸ்அப் குரூப்பில் போய், பிறகு என் வழக்குக் கட்டிலும் வந்து உட்கார்ந்தது.

இப்போது நான் சொல்லக் கூசுகிற பகுதி. எனக்கு அப்போது ஒரு வருடமாகத் தூக்கம் இல்லை. வியாபாரத்தில் ஒரு பெரிய பாக்கி வராமல் போனதிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு முழித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். டாக்டர் அல்பிரசோலம் என்ற மாத்திரை அரை மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார், தினம் ராத்திரி ஒன்று. குடிப்பீங்களா என்று கேட்டார், எப்பவாவது என்றேன். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, எந்த டாக்டரும் கேட்பதில்லை, நானாகவும் சொல்லவில்லை. அன்று ராத்திரி மூன்று பெக் ஆனது (தலைப்பில் இரண்டு என்றுதான் போட்டிருக்கிறேன், போலீஸில் அப்படித்தான் சொன்னேன்). பன்னிரண்டு மணிக்கு எழுந்துபோய் வழக்கம்போல மாத்திரையையும் போட்டுக்கொண்டு படுத்தேன். துப்பாக்கி திரும்பப் பெட்டிக்குப் போகவில்லை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தது.

ஒரு மணி சுமாருக்கு ஓட்டு மேல் தடதடவென்று சத்தம். எழுந்தது ஞாபகம் இருக்கிறது. அலமாரியைத் திறந்தது, தோட்டா எடுத்தது, போட்டது எதுவும் ஞாபகம் இல்லை. நிஜமாகவே இல்லை. சாராயமும் அந்த வகை மாத்திரையும் இரண்டுமே மூளையை மந்தமாக்குபவை, சேரும்போது நடந்தது மனதில் பதியாமலே போய்விடும், ஆனால் கை கால் பாட்டுக்கு வேலை செய்யும் என்று பிறகு டாக்டர் விளக்கினார். எனக்கு அடுத்து ஞாபகம் இருப்பது பின்கட்டு முற்றத்தில் நிற்பதும், தோளில் விழுந்த இடியும், வெடிச் சத்தமும்தான். வந்தது திருடன் இல்லை. மரநாய். எங்கள் ஊர் ஓட்டு வீடுகளில் மரநாய் இல்லாத வீடு எது?

வானத்தைப் பார்த்துத்தான் சுட்டேன் என்று நினைத்திருந்தேன். சாய்வாகப் போயிருக்கிறது. ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) அடுத்த வளவின் மேல்மாடி ஜன்னலில் அடித்து, அரைவட்டமாகப் பதித்திருந்த பச்சை, சிவப்புக் கண்ணாடி நொறுங்கி உள்ளே கொட்டியது. பங்காளி வீடுதான், வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆச்சி ஒருவர் மட்டும் அங்கே தூங்குவார். வழக்கமாகக் கீழே படுப்பவர், அன்று எங்கள் வீட்டு விருந்தாளிச் சத்தம் தாங்காமல் மேலே போய்ப் படுத்திருக்கிறார். ஜன்னலிலிருந்து அவர் பாய் பத்தடி இருக்கும். மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது பாயின் ஓரம்வரை கண்ணாடித் துகள் கிடந்தது. அவருக்கு எழுபத்திரண்டு வயது. என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, என்னயச் சுடவா பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அவர் மகன் ராத்திரியே நூறுக்குப் போன் பண்ணிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், என் அம்மாவுக்கு நடந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஒன்றே முக்காலுக்கு எஸ்.ஐ. வந்தார். துப்பாக்கி, காலிக்கூடு, மீதித் தோட்டா, உரிமப் புத்தகம், படுக்கையில் கிடந்த மாத்திரை அட்டை என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு என்னை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். டியூட்டி டாக்டர் வாயை ஊதச் சொன்னார், கண்ணில் டார்ச் அடித்தார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், ரத்தம் எடுத்தார். என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டபோது மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. உண்மையைச் சொன்னேன். அந்த ராத்திரியில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது, ஏனென்றால் அட்டை ஏற்கெனவே போலீஸ் கையில், அந்த மாத்திரை எச்-ஒன் என்கிற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் வருவதால் மருந்துக் கடையில் தனி ரிஜிஸ்டரில் என் பெயரோடு, டாக்டர் பெயரோடு பதிவாகியிருக்கும், மூன்று வருடம் அதை வைத்திருக்க வேண்டும். பொய் சொல்லியிருந்தால் இரண்டு நாளில் வெளுத்திருக்கும்.

எப்.ஐ.ஆரில் இரண்டு பிரிவு. ஒன்று ஆயுதச் சட்டம் 25(9). 2019 திருத்தத்தில் வந்தது. கல்யாண வீடு, கோயில் திருவிழாவில் கொண்டாட்டமாகச் சுடுவதையும், அஜாக்கிரதையாகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவதையும் பிடிப்பதற்கென்றே போட்டது. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்னொன்று பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டம்) 125, அடுத்தவர் உயிருக்கு ஆபத்தாக அஜாக்கிரதையாக நடந்துகொள்வது, அதாவது பழைய ஐ.பி.சி. 336. ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகள் என்பதால் விடிந்ததும் அண்ணன் கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டி வந்தார். அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, கழுத்தில் மாலை போட்ட தழும்பு மறைவதற்குள் ஸ்டேஷன் வாசலில் நின்றார். அதைச் சொல்லித்தான் இன்றைக்கும் அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

வக்கீலிடம் நான் முதலில் கேட்டது, "எவ்வளவு குடிச்சிருந்தா தப்பு?" என்பது. வண்டி ஓட்டுவதற்கு நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் கணக்கு இருக்கிறதே, அதுபோல் துப்பாக்கிக்கும் ஒரு கோடு இருக்கும், அதற்குக் கீழே நான் இருந்தால் தப்பிக்கலாம் என்று என் நினைப்பு. அவர் சிரித்தார். ஆயுதச் சட்டத்தில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. இத்தனை மில்லி வரை சரி, இந்த மாத்திரை சரி, அந்த மாத்திரை கூடாது என்று எந்தப் பட்டியலும் இல்லை. அப்படியென்றால் நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். அதுதான் தப்பு. எண் இல்லாததால் ஒரு பெக் என்றாலும் வாதாட இடமில்லை, எல்லாம் 'இவர் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியானவரா' என்ற ஒற்றைக் கேள்வியில் போய் நிற்கிறது, அதைத் தீர்மானிப்பவர் உரிமம் கொடுத்த அதிகாரி. எங்கள் மாவட்டத்தில் கலெக்டர். ஆயுதச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, உரிமதாரர் ஏதாவது ஒரு காரணத்தால் தகுதியற்றவர் என்றோ, பொதுமக்கள் பாதுகாப்புக்கு அவசியம் என்றோ அவர் நினைத்தால் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். கோர்ட்டில் வழக்கு முடியும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

போதையில் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்றும் கேட்டேன். "அந்த வார்த்தையை எங்கேயும் வாயைத் திறந்து சொல்லாதீங்க" என்றார். நமக்குத் தெரியாமல் யாரோ ஊற்றிக் கொடுத்திருந்தால் ஒரு மாதிரி. நாமே விரும்பிக் குடித்துவிட்டுச் செய்தால், தெளிந்த ஆளுக்கு என்ன தெரிந்திருக்குமோ அது நமக்கும் தெரிந்திருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ராத்திரியில் வீடு புகுந்து திருட வந்தால் தற்காப்பு உரிமை உண்டே என்று மச்சான் போனில் வாதாடினார். உண்டு, ஆனால் திருடன் வேண்டுமே. "நல்லவேளை மரநாய் மேல படல. பட்டிருந்தா வனத்துறை கேஸும் சேர்ந்திருக்கும்" என்றார் வக்கீல். அதுவும் வன உயிரினச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பிராணிதான்.

மூன்றாவது வாரம் சிவகங்கை கலெக்டர் ஆபீஸிலிருந்து நோட்டீஸ். உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, ஏன் ரத்து செய்யக் கூடாது, பதினைந்து நாளில் பதில் சொல்லவும். அதில் இரண்டு விஷயம் என்னைக் குத்தியது. முதலாவது, உரிமம் வாங்கும்போது நான் கொடுத்த மருத்துவச் சான்றிதழ். 2016 ஆயுத விதிகளின்படி மனநலம், உடல்நலத்தோடு, போதைப் பொருளுக்கு அடிமை இல்லை என்றும் டாக்டர் எழுதித் தர வேண்டும். 2021இல் நான் வாங்கியபோது அது முழு உண்மை. ஆனால் அது ஏதோ ஒரு நாள் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிற காகிதம் இல்லை, அந்த நிலைமை மாறினால் உரிமத்தின் அஸ்திவாரமே ஆடுகிறது என்று எனக்கு உறைத்ததே இல்லை. தூக்க மாத்திரை ஆரம்பித்த அன்றைக்கே துப்பாக்கியை உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் கொடுத்து ரசீது வாங்கியிருக்க வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்து வாங்குகிறோமே, 2024 எம்.பி. தேர்தலுக்குக்கூட நான் கொண்டுபோய்க் கொடுத்து ஜூனில் திரும்ப வாங்கினேன். அரசாங்கம் கேட்டால்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, நாமாகவும் கொடுத்து வைக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை. வாடகை கொஞ்சம் கேட்பார்கள். என் செலவோடு பார்த்தால் அது காப்பிக் காசு.

இரண்டாவது குத்தல், நோட்டீஸில் 'மனநிலை பாதிப்புக்கு மருந்து உட்கொள்பவர்' என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஊரில் இந்த வார்த்தை பரவினால் மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் என்ன ஆகும் என்றுதான் முதலில் ஓடியது, துப்பாக்கியைப் பற்றிய கவலையே இல்லை. இங்கேதான் வக்கீல் தன் பீஸுக்கு வேலை செய்தார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 3ஆம் பிரிவில், ஒருவருக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானித்தாலும் அதை மட்டும் வைத்து அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று ஆகிவிடாது, அப்படிச் சொல்ல வேண்டுமானால் தகுதியுள்ள நீதிமன்றம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அதைப் பதிலில் போட்டார். அரசு மனநல மருத்துவரிடம் போய், தூக்கமின்மைக்கு மட்டும்தான் மருந்து, வேறு நோய் இல்லை என்று சான்றிதழும் வாங்கினோம். இதே நிலைமையில் யாராவது இருந்தால் அந்த வரியை வக்கீலுக்கு ஞாபகப்படுத்துங்கள். மாத்திரை சாப்பிடுவது குற்றம் இல்லை. மாத்திரையோடு பாட்டிலையும் துப்பாக்கியையும் ஒரே அறையில் வைத்தது என் குற்றம், அந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு தலை குனிந்து போய் நிற்க வேண்டியதில்லை.

இந்தப் பயத்தில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். எஸ்.ஐ. வந்துபோன மறுநாளே மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டேன். மூன்றாவது ராத்திரி கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, வேர்வையில் போர்வையே நனைந்துவிட்டது. இதைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்று டாக்டர் சத்தம் போட்டார். பிறகு இரண்டு மாதத்தில் கால் கால் மாத்திரையாகக் குறைத்தார். இந்த முறை வீட்டில் துப்பாக்கி இருந்தது, குடிப்பது வாரம் மூன்று நாள் என்று உண்மையைச் சொன்னேன். எழுதிக்கொண்டார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இதைச் சொல்ல நான் ஒரு வருடம் பயந்திருக்கிறேன்!

தோட்டாக் கணக்கு தனிக் கதை. உரிமப் புத்தகத்தில் எத்தனை வைத்துக்கொள்ளலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று இருக்கும், வாங்கியதையெல்லாம் கடைக்காரர் பதிவு செய்வார். என் கணக்குப்படி பதினான்கு இருக்க வேண்டும். இருந்தது பதினொன்று, சுட்டது ஒன்று. மீதி இரண்டு எங்கே? எனக்குத் தெரியாது. பழைய தோட்டா நமுத்துவிட்டது என்று எப்போதோ தூக்கிப் போட்டிருக்கலாம், பெட்டி மாற்றும்போது விழுந்திருக்கலாம். இந்த இரண்டு தோட்டாவுக்காக மட்டும் ஸ்டேஷனுக்கு நான்கு நடை. வீட்டு இண்டு இடுக்கெல்லாம் தேடியதில் ஒன்று பெட்டகசாலையில் பித்தளைத் தவலைக்குப் பின்னால் கிடைத்தது, எலி உருட்டிப் போயிருக்க வேண்டும். இன்னொன்று கிடைக்கவேயில்லை, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே எண்ணிப் பாருங்கள், குறைந்தால் நீங்களே முதலில் போய் எழுதிக் கொடுங்கள். உரிமப் புத்தகத்தில் அச்சடித்திருக்கும் நிபந்தனைகளையும் ஒரு தடவை படியுங்கள். தனி அனுமதி இல்லாமல் திருவிழாவுக்கோ, சாமி ஊர்வலத்துக்கோ, பள்ளிக்கூட வளாகத்துக்கோ கொண்டுபோகக் கூடாது என்று அதில் இருக்கிறது. எங்கள் ஐயா காலத்தில் அம்மன் புறப்பாட்டுக்கு முன்னால் துப்பாக்கியோடு நடந்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். இன்றைக்கு அப்படிச் செய்தால் நேராக என் கதைதான்.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். கோர்ட் வழக்குக்கு வக்கீல் இதுவரை வாங்கியது நாற்பதாயிரம், நோட்டீஸ் பதிலுக்குத் தனியாகப் பதினைந்தாயிரம். கண்ணாடிக்கு இருபத்திரண்டாயிரம். சிவகங்கைக்கும் கோர்ட்டுக்கும் பதினோரு தடவை கார், ஒரு தடவைக்கு இரண்டாயிரம். சான்றிதழ், நகல், டைப்பிங் என்று நாலாயிரம். வியாபாரத்தை விட்டுவிட்டு அலைந்த நாள் சுமார் இருபத்தைந்து, அதற்குக் கணக்கில்லை. அந்தக் கண்ணாடிக்குக் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் அலைந்தோம். சிவப்பு கிடைத்தது, அந்தப் பச்சை கிடைக்கவில்லை. வேறு ஒரு பச்சையைப் போட்டிருக்கிறோம், காலை வெயிலில் தரையில் விழும்போது வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. பங்காளி வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

உரிமம் ஆடியில் ரத்தாகிவிட்டது. சித்த சுவாதீனம் பற்றிய வாக்கியம் உத்தரவில் இல்லை, பதில் வேலை செய்திருக்கிறது. மது அருந்திய நிலையில் அஜாக்கிரதையாகப் பயன்படுத்தியதால் பொதுமக்கள் பாதுகாப்பு கருதி, என்று மட்டும் இருந்தது. காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க நமக்கு உரிமை இருக்கிறது, உத்தரவு மொட்டையாக வந்தால் கட்டாயம் கேளுங்கள், அது இல்லாமல் மேல்முறையீடு செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கல் எறிவது மாதிரி. நான் மேல்முறையீடு செய்யவில்லை. வக்கீல் செய்யலாம் என்றார், அண்ணன் குடும்ப மானம் என்றார். அந்த ஆச்சியின் பாயை நினைத்துக்கொண்டு நான் வேண்டாம் என்றேன். துப்பாக்கி வழக்குச் சொத்தாக இருப்பதால் இப்போதைக்கு விற்கவும் முடியாது, வழக்கு முடிந்து கோர்ட் சொல்கிறபடி ஆகட்டும்.

குடியை முழுக்க விட்டுவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் விசேஷங்களில் ஒன்றிரண்டு உண்டு. தூக்கம் பரவாயில்லை. மரநாய் இப்போதும் வருகிறது. சத்தம் கேட்டால் அடுத்த வீட்டு ஆச்சி கீழே முற்றத்தில் நின்றுகொண்டு தகர டப்பாவை இரண்டு தட்டுத் தட்டுவார், ஓடிவிடும்.